வரும் சனிக்கிழமை, விக்டோரியா ஹாலில்

முதுகலை வகுப்பில் நாடக இலக்கிய வரலாறு நடத்தும்போது, ஆண்டுதோறும் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலுக்கு வந்து சேர்வேன். அந்நூலில் திரும்பத் திரும்ப வரும் ஓர் இடம் விக்டோரியா பப்ளிக் ஹால். ‘அது எங்கே இருந்தது ஐயா?’ என்று யாராவது ஒரு மாணவர் கேட்பார். இருந்தது என்று சொல்லாதே, இருக்கிறது என்பேன். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், வெள்ளை மாளிகையான ரிப்பன் கட்டடத்துக்கு இப்பால் செங்கல் நிறத்தில், ஒரு கோபுரத்தோடு நிற்கிறதே அதுதான் என்றதும் வகுப்பில் சிறு வியப்பு எழும். தினமும் மின்சார ரயிலில் வந்து அதைக் கடந்துபோகிறவர்கள் அவர்களில் பாதிப்பேர். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இராது. குற்றம் அவர்களுடையதல்ல. கட்டடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் கட்டினார்கள், யார் திறந்துவைத்தார்கள், எந்தப் பாணி, எத்தனை தூண்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓர் அரங்கத்தின் வரலாறு என்பது அதன் சுவர்களின் வரலாறு அன்று. வரும் சனிக்கிழமை என்ன, அடுத்த வாரம் என்ன என்று அதன் வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளின் வரலாறு அது. நான் இங்கே பேச விரும்புவது அந்த அறிவிப்புகளைப் பற்றித்தான்.

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிட வேண்டும். சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்ற எண்ணம் 1880களின் தொடக்கத்தில் நகரப் பிரமுகர்களிடையே எழுந்தது. 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். பணம் சேர்வதிலும் வேலை தொடங்குவதிலும் தாமதம் ஏற்பட்டது. 1887-இல் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா வந்தது. அதையொட்டி மண்டபத்துக்கு அவர் பெயரே வந்து சேர்ந்தது. அரசியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது அரசாங்கப் பணத்தில் எழுந்ததல்ல. ராஜாக்களும் ஜமீன்தார்களும் நகரச் செல்வந்தர்களும் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. நிலம் நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வரைபடம் ராபர்ட் சிஸம் என்ற கட்டடக்கலைஞருடையது. செனட் இல்லத்தை வடிவமைத்தவரும் அவரே. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1880களின் இறுதியில் வேலை முடிந்தது. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் அறுநூறு பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய இரண்டு பெரிய கூடங்கள். ஒரு பக்கம் மரத்தாலான மாடம். கோபுரத்தின் மேல் திருவாங்கூர்ப் பாணிக் கூரை. இத்தாலிய நடையும் மலையாள நடையும் ஒரே கட்டடத்தில் எப்படிச் சேர்ந்தன என்று கேட்கலாம். சிஸம் இப்படிக் கலப்பதில் கைதேர்ந்தவர்.

அந்த இடமும் கவனிக்கத்தக்கது. மண்டபத்துக்குப் பின்னே பரந்து கிடந்தது மக்கள் பூங்கா. அங்கே ஒரு விலங்குக்காட்சிச்சாலை, குளங்கள், இசை மேடை, ஆண்டு முடிவில் பெரிய சந்தைக் கண்காட்சி. 1886 டிசம்பர் 31-ஆம் தேதி அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஓலைப்பந்தலிலும் கீற்றுக் கொட்டகையிலும் கூடிக் களித்த ஒரு நகரத்துக்கு அந்த இரவு பெரும் அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அதே பூங்காவின் விளிம்பில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு மண்டபம் எழுந்து நின்றபோது, அங்கே நிகழ்ச்சிக்குப் போவதில் ஒரு பாதுகாப்புணர்ச்சியும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

*

நமக்கு அதுவரை கலை நிகழும் இடங்கள் இல்லாமலில்லை. கோயில் மண்டபம் இருந்தது, அரண்மனைச் சபை இருந்தது, ஜமீன் வீட்டுத் திண்ணையும் கல்யாணப் பந்தலும் இருந்தன, ஊர்ப் பொட்டலில் விடியவிடியக் கூத்து நடந்தது. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. தெய்வம், அரசர், பெண் வீட்டார், ஊர். பார்க்க வருகிறவர் அந்தச் சொந்தக்காரரின் விருந்தினர். நிகழ்ச்சி என்றைக்கு என்பதும் பஞ்சாங்கத்திலேயே இருக்கும். மாசி மகத்துக்கு யாரும் நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. பொது மண்டபம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. அங்கே திருவிழா இல்லை. எந்த நாளும் எதுவும் நடக்கலாம். எனவே என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் ஆள் வரும். நோட்டீஸ் என்ற காகிதம் அங்கேதான் தன் வேலையைத் தொடங்குகிறது.

அந்தக் காகிதத்தில் கீழ்ப்பகுதியில் கட்டண விவரம் இருக்கும். கோயில் மண்டபங்களுக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய முடியாத காலம் அது. மதுரை ஆலயப் பிரவேசம் நடந்ததே 1939-இல்தான். பொது மண்டபத்தின் நோட்டீஸ் சாதியைக் கேட்கவில்லை, காசைக் கேட்டது. இதை விடுதலை என்று கொண்டாடுகிறவர்களோடு நான் முழுதாக உடன்பட மாட்டேன். முன்வரிசை நாற்காலிக்கும் பின்வரிசை பெஞ்சுக்கும் இருந்த விலை வேறுபாடு, யார் எங்கே உட்காரலாம் என்பதை வேறொரு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயினும் அது மாற்றக்கூடிய மொழி. கையில் காசு சேர்ந்தால் பெஞ்சிலிருந்து நாற்காலிக்குப் போகலாம். இந்தச் சிறு இடைவெளி முக்கியமானது என்றே எனக்குப் படுகிறது.

*

சம்பந்த முதலியார் 1873-இல் பிறந்தவர். இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின்மீது நல்லெண்ணம் இருந்ததில்லை. தெருவில் நடந்த நாடகங்களை இழிவாகவே கருதியிருந்தார் என்பதை அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். 1891-இல் பெல்லாரி கிருஷ்ணமாசார்யுலுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். படித்த, வழக்கறிஞர் தொழில் பார்க்கிற ஒருவர் மேடையேறி நடிப்பதைப் பார்த்ததும் அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் எண்ணம் ஒரே இரவில் மாறிவிட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தமிழ் நாடகத்தின் நவீன வரலாறு ஒரு தெலுங்கு நாடகத்தைப் பார்த்ததில் தொடங்குகிறது என்பதை நம் பாடநூல்கள் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அன்றைய சென்னை எத்தனை மொழிகளின் நகரம் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சபை 1893-இல் ‘புஷ்பவல்லி’யை மேடையேற்றியது. அடுத்து ‘லீலாவதி சுலோசனா’, பிறகு ‘மனோகரா’ என்று முதலியாரின் நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விக்டோரியா ஹாலுக்கு வந்தன. சில பத்தாண்டுகள் சபையின் இருப்பிடமே அந்த மண்டபம்தான். உறுப்பினர்கள் வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள். முதலியாரே பின்னாளில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இந்தச் சபையின் மேடையில் நடித்தவர். ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாக இருந்த ஊரில், நீதிபதியும் வக்கீலும் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறுவது சாதாரண நிகழ்ச்சியன்று. அமெச்சூர் என்ற சொல்லை அவர்கள் பெருமையாக அணிந்துகொண்டார்கள். காசுக்காக ஆடுகிறவர்கள் அல்லர் நாங்கள் என்பது அதன் பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதே காலத்தில், நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை கொட்டகை இருந்தது. அங்கே காசுக்காக ஆடுகிறவர்கள் ஆடினார்கள். பாய்ஸ் கம்பெனிகள் வந்தன. கன்னையா கம்பெனியின் தசாவதாரம் போன்ற பிரம்மாண்டமான காட்சி நாடகங்கள் தொழில்முறை மேடையின் தனிப் பெருமையாக இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் மேடையிலிருந்து தெருவுக்கு இறங்கின. நாடகத்தின் பாட்டுப் புத்தகம் சில காசுகளுக்கு வாசலில் விற்கும். நோட்டீஸ், மாட்டுவண்டியில் பறையோ பாண்டு வாத்தியமோ முழங்க, தெருத்தெருவாக வீசப்படும். பிள்ளைகள் வண்டியின் பின்னால் ஓடிப் பொறுக்குவார்கள். நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை போகும். விக்டோரியா ஹாலில் நிலைமை வேறு. சொன்ன நேரத்துக்குத் திரை தூக்க வேண்டும், பார்க்க வந்தவர் மறுநாள் கச்சேரிக்கோ (நீதிமன்றத்தைத்தான் சொல்கிறேன்) கல்லூரிக்கோ போகக்கூடிய நேரத்தில் முடிய வேண்டும். நேரந்தவறாமையை முதலியார் கிட்டத்தட்ட ஓர் அறமாகவே கடைப்பிடித்தார். நாடகத்தின் நீளம் குறைந்ததற்கும், பாட்டு குறைந்து வசனம் வளர்ந்ததற்கும் கலைக்கொள்கை மட்டும் காரணமல்ல. பார்வையாளரின் அலுவலக நேரமும் காரணம்.

இரண்டு மேடைகளும் ஒன்றையொன்று இழிவாகப் பார்த்தன என்று நினைத்துவிடக் கூடாது. முதலியாரின் ‘மனோகரா’வைத் தொழில்முறைக் கம்பெனிகளும் எடுத்து ஆடின, டி.கே.எஸ். சகோதரர்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த நாடகங்களில் அதுவும் ஒன்று. எனினும் நம் இலக்கிய வரலாறுகளில் விக்டோரியா ஹாலுக்கு ஓர் அத்தியாயமும் ஒற்றைவாடைக்கு ஒரு வரியும் கிடைக்கின்றன. அதை எழுதியவர்கள் எந்த மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் வழி வந்தவர்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. நானும் அந்த வழியில்தான் படித்தேன்.

*

அந்த மண்டபத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி துர்முகி வருஷம். ஆங்கிலக் கணக்கில் 1896 சித்திரையிலிருந்து 1897 பங்குனி வரை.

லூமியேர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. பம்பாயில் வாட்சன் ஓட்டலில் அது காட்டப்பட்டது 1896 ஜூலை 7. சென்னைக்கு அது அந்த ஆண்டு டிசம்பரிலேயே வந்துவிட்டது. டி. ஸ்டீவன்சன் என்ற புகைப்படக் கடைக்காரர் விக்டோரியா பப்ளிக் ஹாலில் குறும்படங்களைத் திரையிட்டார். பழைய நூல்கள் எட்வர்ட்ஸ் என்பவரின் பெயரையும் 1897-ஆம் ஆண்டையும் சொல்லும். பிந்தைய ஆய்வுகள் ஸ்டீவன்சனை முன்னே கொண்டுவந்திருக்கின்றன. யார் முதலில் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். இரண்டு கூற்றிலும் இடம் மாறவில்லை என்பதே போதும்.

அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்துப் படம் காட்டினாலும் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். கால்மணி நேரத்துக்காக யாரும் வீட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரமாட்டார்கள். எனவே தொடக்ககாலத்தில் சினிமா தனியாக நிற்கவில்லை. பாட்டு, நடனம், குஸ்தி, மாயவித்தை என்று ஏதாவதொன்றின் தோளில் ஏறித்தான் வந்தது. மௌனப்படம் நீண்ட பிறகும்கூட இடையிடையே மேடை நிகழ்ச்சிகள் நடந்தன. திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொன்னார். திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரமடித்துத் திரிந்தார்; பின்னர் கோயம்புத்தூரில் நிலையான அரங்கம் கட்டியபோது அதற்கு வைத்த பெயர் வெரைட்டி ஹால். அவர் சினிமா ஹால் என்று பெயர் வைக்கவில்லை. எல்லாமும் நடக்கும் இடம் என்பதுதான் அன்றைய அரங்கத்தின் இலக்கணம்.

ஸ்டீவன்சனின் படங்கள் ஓடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் திரும்பி, கொழும்பு, யாழ்ப்பாணம், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னைக்கு வந்தார். ஏழாம் தேதி அவருக்கு விக்டோரியா ஹாலில் வரவேற்புப் பத்திரம் வாசித்தளிக்க ஏற்பாடு. உள்ளே அறிவித்தபடி பத்திரங்கள் வாசிக்கப்பட்டன. வெளியே உள்ளே வர முடியாத பெருங்கூட்டம் கூச்சலிட்டது. கடைசியில் அவர் மண்டபத்தைவிட்டு வெளியே வந்து, ஒரு குதிரைவண்டியின்மேல் ஏறி நின்று சில வார்த்தைகள் பேசினார். கீதை தேர்த்தட்டிலிருந்து சொல்லப்பட்டதுதானே என்ற கருத்தில் அவர் அங்கே வேடிக்கையாகப் பேசியதும் பதிவாகியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அதே மண்டபத்தில் முறையான சொற்பொழிவு நடந்தது.

ஆக, ஒரே துர்முகி வருஷத்தில், ஒரே கூடத்தில், ஓடுகிற நிழற்படமும், வேதாந்தமும், சுகுண விலாச சபையும். இந்த மூன்றுக்கும் வந்தவர்கள் ஓரளவுக்கு ஒரே ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒருவர் டிசம்பரில் சினிமாவைப் பார்த்துவிட்டு, பிப்ரவரியில் சுவாமிஜியைக் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை ‘லீலாவதி சுலோசனா’வுக்கு வந்திருக்கலாம். இன்று சினிமாவின் வரலாற்றை ஒருவர் எழுதுகிறார், நாடகத்தின் வரலாற்றை இன்னொருவர், சமய மறுமலர்ச்சியின் வரலாற்றை வேறொருவர். மூவரும் ஒருவரையொருவர் படிப்பதில்லை. அன்றைய மண்டபத்தின் காவலாளிக்கு இவை மூன்றும் ஒரே பலகையில் அடுத்தடுத்து ஒட்டவேண்டிய மூன்று தாள்கள்.

*

இசையும் நடனமும் என்ன ஆயின என்று கேட்கலாம். இந்த மண்டபத்தின் வழியாக அங்கே போக ஒரு குறுக்குப்பாதை இருக்கிறது. சுகுண விலாச சபையில் பெண்வேடமெல்லாம் ஆண்களே கட்டினார்கள். சி. ரங்கவடிவேலு நாயகி வேடத்தில் புகழ்பெற்றவர். முதலியாரின் நாடகங்களில் பலவற்றில் அவருக்கு எதிரே நாயகனாக நின்றவர் முதலியாரே. பின்னாளில் இ. கிருஷ்ணய்யர் என்ற இளம் வழக்கறிஞர் சபைக்கு வந்தார். ‘மாளவிகாக்னிமித்திர’த்தில் மாளவிகையாக வேடமிடுவதற்காகச் சதிராட்டம் கற்றுக்கொண்டார். வேடத்துக்காகக் கற்றது வாழ்க்கைப் பணியாயிற்று. பெண் உடையில் ஆடிக்காட்டி, இந்தக் கலை இழிந்ததல்ல என்று ஊர் ஊராகப் பேசினார். மியூசிக் அகாடமியில் செயலாளர்களில் ஒருவராக இருந்து 1931-இல் கல்யாணி புதல்விகளின் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்.

இதில் ஓர் உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தை உடம்பில் வைத்திருந்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் ஆடினால் கௌரவக் குறைவு. அதே ஆட்டத்தை ஒரு வழக்கறிஞர் புடவை கட்டிக்கொண்டு ஆடினால் கலைத்தொண்டு. கிருஷ்ணய்யர் நல்லவர், அவர் அந்தப் பெண்களுக்காகவே வாதாடினார், அவர்களையே மேடைக்கு அழைத்தும் வந்தார். ஆனால் நோட்டீசில் யார் பெயர் எப்போது அச்சேறலாம் என்பதை முடிவு செய்கிற இடத்தில் அந்தப் பெண்கள் இருக்கவில்லை. கலை மீட்கப்பட்டபின் அவர்களில் பெரும்பாலோர் பெயர் அறிவிப்புகளிலிருந்து மறைந்ததும் அதனால்தான்.

*

பிறகு அந்தப் பலகையிலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

முதலில் போனது அரசியல் என்று சொல்லலாம். 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்தபோது சொற்பொழிவுகள் திருவல்லிக்கேணிக் கடற்கரை மணலில் நடந்தன. பாரதி அந்த வருகைக்காக உழைத்தவர்களில் ஒருவர். அறுநூறு நாற்காலிக்குள் அடங்காத கூட்டம் விவேகானந்தருக்கே வந்துவிட்டதை முன்பே பார்த்தோம். கடற்கரைக்கு வாடகை இல்லை, டிக்கெட் இல்லை, காலணி இல்லாதவனைத் தடுக்க வாசலும் இல்லை. மேடைத்தமிழ் என்று இன்று நாம் சொல்வது மண்டபத்தைவிட மணலில்தான் வளர்ந்தது. ஆங்கிலத்தில் பேசவேண்டிய கட்டாயமும் அங்கே குறைவு.

அடுத்துச் சினிமா. 1913-இல் மவுண்ட்ரோட்டில் வார்விக் மேஜர் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். மறுவருஷம் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி வந்தது. படம் நீண்டுவிட்டது. அது இனி யாருடைய தோளிலும் ஏறத் தேவையில்லை. இசை தனக்கென்று சபைகளைக் கட்டிக்கொண்டது. ஆர்மேனியன் தெருவில் அன்னி பெசன்ட் அம்மையார் முயற்சியால் 1915-இல் கோகலே ஹால் எழுந்தது. 1927 காங்கிரஸ் மகாசபையோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அது பல இடங்களில் குடியிருந்து 1962-இல் சொந்த அரங்கத்துக்குப் போனது. கச்சேரியின் திசை மெல்ல மெல்ல மயிலாப்பூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. 1931 அக்டோபர் 31-ஆம் தேதி கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கியதும் நாடகத்துக்கும் கெடு வந்தது. முதலியாரே பேசும்படத்துக்குப் போனார்; 1936-இல் ‘மனோகரா’வைப் படமாக்கினார். அந்த முப்பதுகளிலேயே சுகுண விலாச சபையும் மவுண்ட்ரோட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இந்த வரிசையைக் கவனிக்கச் சொல்வேன். விக்டோரியா ஹால் பாழடைந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. முன்புறத்தை மறைத்த கடைகள், ஒழுகும் கூரை, முடிந்துபோன குத்தகை, வழக்குகள். பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. விலங்குக்காட்சிச்சாலை அதே ஆண்டு வண்டலூருக்குப் போய்விட்டது. எல்லாம் உண்மை. ஆனால் கட்டடம் சிதைந்ததால் நிகழ்ச்சிகள் வெளியேறின என்று சொல்வது காலக்கணக்குக்குப் பொருந்தாது. கூரை ஒழுகத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நிகழ்ச்சிகள் வெளியேறிவிட்டன. ஒவ்வொரு கலையும் தனக்கென்று தனி வீடு கட்டிக்கொண்டு போனபின், கூட்டுக்குடும்பத்தின் பழைய வீட்டில் யார் இருப்பார்கள்?

தனி வீடுகளால் கலைகளுக்கு நன்மையே விளைந்தது என்பதை மறுக்கவில்லை. ஒலி, ஒளி, மேடை அமைப்பு எல்லாம் அந்தந்தக் கலைக்கேற்ப வளர்ந்தன. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. சினிமா பார்க்கிறவரும் கச்சேரி கேட்கிறவரும் நாடகம் பார்க்கிறவரும் தனித்தனிச் சாதிகளாகிவிட்டார்கள். ஒரு துறையின் ரசிகர் தற்செயலாக இன்னொரு துறையின் நோட்டீசைப் படித்துவிடுகிற வாய்ப்பு, அந்த வாசல் பலகையோடு போயிற்று.

2023-இல் மாநகராட்சி அந்தக் கட்டடத்தில் பெரிய அளவில் சீரமைப்பைத் தொடங்கியது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் மரப்படிகளையும் பழையபடி கொண்டுவருவதற்கு வல்லுநர்கள் இருக்கிறார்கள். அதில் கருத்துச்சொல்ல எனக்குத் தகுதியில்லை. நிகழ்ச்சிகளை யார் மீட்பது என்பதே என் கவலை. அங்கே வாடகைக்கு விடப்படும் கூடம் ஒன்று அமையலாம், அருங்காட்சியகம் அமையலாம். மாதம் ஒரு நாடகம், ஒரு படம், ஒரு கச்சேரி, ஒரு பொதுக்கூட்டம் என்று ஒரே தாளில் அச்சிட்டு, பின்வரிசைக்கு ஒரு தேநீர் விலை வைத்தால், சென்ட்ரலில் வண்டிக்குக் காத்திருக்கிறவர்களே கூடத்தை நிரப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. நகரத்திலேயே எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்துசேரும் இடம் அது. மயிலாப்பூருக்கு அந்த வசதி கிடையாது.

*

பழைய நோட்டீஸ்களுக்குத் திரும்புகிறேன். நாடகம் முடிந்த மறுநாள் அவை பொட்டலம் மடிக்கப் போய்விடும். எஞ்சியவை சிலருடைய பித்தினால் எஞ்சியவை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவருடைய சேகரம் சென்னைக்கு வந்து 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஆய்வு மாணவர்களை நான் அங்கே அனுப்புவதுண்டு.

போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ‘ஐயா, கிழமை இருக்கிறது, தேதி இருக்கிறது, மாதம் இருக்கிறது, வருஷம் மட்டும் இல்லை.’ இருக்காதுதான். வரும் சனிக்கிழமை நாடகம் பார்க்க வருகிறவருக்கு வருஷத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? அச்சிட்டவருக்கு நம்மைப் போன்ற வாசகர்கள் பின்னால் வருவார்கள் என்ற எண்ணமே கிடையாது. எனவே அவர்களுக்கு ஒரு பழைய முறையைச் சொல்லித் தருகிறேன். ஒரு குறிப்பிட்ட மாதத்தின் ஒரு தேதி அதே கிழமையில் மீண்டும் வருவதற்கு ஐந்து, ஆறு, அல்லது பதினொரு ஆண்டுகள் ஆகும்; சில சமயம் நூற்றாண்டுத் திருப்பத்தில் அந்தக் கணக்கும் பிசகும், ஏனெனில் 1900 மிகுநாள் ஆண்டன்று. ஆக ஒரு முப்பது ஆண்டு எல்லைக்குள் நான்கைந்து வருஷங்களே பொருந்தும். தமிழ் வருஷப் பெயரோ தமிழ்த் தேதியோ ஒரு மூலையில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அடியில் உள்ள அச்சுக்கூடத்தின் பெயரைப் பார். அது எந்தத் தெருவில் எப்போது இருந்தது என்று தேடு. மின்விளக்கைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார். கட்டணம் அணாவில் எவ்வளவு என்று பார். நடிகர் பெயரைப் பார். அவர் எப்போது இறந்தார் என்று முதலியாரின் நினைவுகளில் தேடு.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இப்படி ஒரு தாளின் நகலை வைத்துக்கொண்டு மூன்று வாரம் போராடினாள். பொருந்திய வருஷங்கள் நான்கு. அச்சுக்கூடத்தை வைத்து ஒன்றைத் தள்ளினாள், கட்டணத்தை வைத்து இன்னொன்றைத் தள்ளினாள். மீதி இரண்டில் முடிவுக்கு வர முடியவில்லை. ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டாள். இரண்டு வருஷத்தையும் எழுதிவிட்டு, சனிக்கிழமை என்பதை மட்டும் உறுதியாக எழுது என்றேன்.